பெட்டியிலே வரும் குட்டி மரம்

(உழவர்களுக்கான வானொலி உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப் போவது நெல்லைப் பத்தியும் இல்லை, தக்காளியைப் பத்தியும் இல்லை. சட்டியில் வளர்க்கும் குட்டி மரத்தைப் பத்தி. போன்சாய் என்று சொல்கிறார்களே, அதைப் பத்தித்தான். "என்ன அண்ணாச்சி, தென்னையிலே வெள்ளை ஈ அப்பிக் கிடக்கு, வெங்காயம் விலை இல்லாமக் கிடக்கு, நீங்க பணக்காரங்க வீட்டு அலங்காரச் செடியைப் பத்திப் பேச வந்துட்டீங்களே" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. காரணம் இல்லாமல் பேச வரவில்லை. மூன்று காரணம் இருக்கிறது.

முதலாவது, கைபேசி இல்லாத வீடு இன்று சுரண்டையிலும் இல்லை, சாம்பவர்வடகரையிலும் இல்லை, வீரகேரளம்புதூரிலும் இல்லை. அதில் படத்தைப் பார்த்து, விரலால் ஒரு தட்டு தட்டினால் செடி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. கூடவே ஏமாற்றமும் வருகிறது. இரண்டாவது, அந்தப் பெட்டியில் செடி மட்டும் வருவதில்லை. நம்ம தோப்புக்கும் தோட்டத்துக்கும் ஆகாத பூச்சியும் ஒட்டிக்கொண்டு வரலாம். மூன்றாவது, வெளியூர்க்காரன் நமக்கு விற்கிற இந்தப் பொருளை நாமே உண்டாக்க முடியும். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போன்சாய் விதை என்று ஒன்று உண்டா?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். போன்சாய் என்பது ஜப்பானியச் சொல். 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். தட்டில் நட்ட மரம், அவ்வளவுதான். சீனாவில் பிறந்த கலை. ஜப்பானுக்குப் போய் மெருகேறியது. நம்ம நாட்டிலே இதை வாமன விருட்சம் என்றும் சொல்கிறார்கள். மைசூரில் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் என்றே ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

போன்சாய் என்று தனியாக ஒரு மரச் சாதி கிடையாது. குட்டையாகவே வளரும் விதை என்றும் எதுவும் கிடையாது. கண்மாய்க் கரையில் வானளாவ நிற்கிறதே ஆலமரம், அதே ஆலமரம்தான் தட்டிலும் இருக்கிறது. கிளையைக் கிள்ளி, வேரைக் கத்தரித்து, கம்பி சுற்றி வளைத்து, வருஷக் கணக்கில் பாடுபட்டு அதைச் சிறியதாக வைத்திருக்கிறார்கள். தட்டை எடுத்துவிட்டு வரப்பில் நட்டால் பெரிய மரமாகத்தான் வளரும். பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு. பட்டினி போட்டால் மரம் செத்துப் போகும். நல்ல போன்சாய்க்கு உரம் உண்டு, தண்ணீர் உண்டு, வெயில் உண்டு. கத்தரி மட்டும் ஓயாமல் வேலை செய்யும்.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் பலிக்காது. 'போன்சாய் விதை, ஒரு பாக்கெட் 99 ரூபாய்' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஏதோ ஒரு மரத்தின் சாதாரண விதை. 'நீல இலை மேப்பிள்', 'வானவில் நிற மரம்' என்று படம் போட்டிருந்தால் அது படத்தில் ஏற்றிய சாயம். அடர் நீல இலை விடும் மேப்பிள் மரம் உலகத்தில் எங்கேயும் இல்லை. விதை முளைத்தால் ஏதோ ஒரு களை வரும். முளைக்காவிட்டால், 'நீங்க தண்ணி சரியா ஊத்தலை' என்று பதில் வரும்.

நம்ம மண்ணுக்கு எது ஆகும்?

குற்றாலத்து மலைத் தோட்டத்தில் மங்குஸ்தான் காய்க்கிறது, ரம்புட்டான் காய்க்கிறது. அதே கன்றைச் சுரண்டையில் திறந்த வெளி வயலில் வைத்தால் காய்க்குமா? காய்க்காது. இத்தனைக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் பயணத் தூரம்தான். மலை அடிவாரத்துக்கே இத்தனை வித்தியாசம் என்றால் ஜப்பானில் பனி பெய்கிற ஊர் மரம் நம்ம ஊர் மொட்டை மாடியில் என்ன பாடு படும்?

ஜப்பானிய மேப்பிள், பைன், ஜூனிப்பர் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்கு வருஷத்தில் சில மாதம் கடுங்குளிரில் தூங்கி எழ வேண்டும். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வலு இழந்து போகும். ஜூனிப்பரில் இன்னொரு சங்கடம், செத்த பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். வாங்கின புதிதில் நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக் கொண்டிருப்போம், ஆனால் வேர் எப்போதோ போயிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அவற்றை வளர்த்துப் பார்க்கட்டும். நமக்கு அது வேண்டாம்.

நமக்கு ஆகிற மரங்கள் எவை? ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகிய ஆல் இனங்கள் எல்லாம் ஆகும். புளி, கொடுக்காப்புளி, வேம்பு ஆகும். காகிதப்பூ என்கிற போகன்வில்லா நன்றாக வரும். அடினியம் நம்ம வெயிலுக்கென்றே பிறந்த மாதிரி வளரும். ஜேடு என்று விற்கிறார்களே, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சதைப்பற்றுச் செடி, அதுவும் தாங்கும். மாதுளை, எலுமிச்சை தட்டில் பூத்துக் காய்ப்பது பார்க்க அழகாக இருக்கும். புளியங்குடி பக்கம் இருப்பவர்களுக்கு எலுமிச்சையைப் பத்தி நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இதில் ஜேடுச் செடியைப் பெரிய விலை கொடுத்து வாங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டில் இருந்தால் விரல் கனத்தில் ஒரு கொம்பு ஒடித்து, வெட்டு வாய் ஆறும்படி நான்கைந்து நாள் நிழலில் போட்டு வைத்து, பிறகு மணலில் குத்தினால் வேர் பிடித்துக் கொள்ளும்.

எப்போது ஆர்டர் போடுவது?

ஆந்திராவில் ராஜமகேந்திரவரம் பக்கம் கடியம் என்ற ஊர் நாற்றுப் பண்ணைகளுக்குப் பேர்போனது. கேரளத்தில் திருச்சூர் பக்கம் மண்ணுத்தி அப்படிப்பட்ட ஊர். கல்கத்தா, பூனா பக்கமிருந்தும் செடிகள் வருகின்றன. எங்கிருந்து வந்தாலும் சுரண்டைக்கு வந்து சேர நாலு நாளும் ஆகலாம், எட்டு நாளும் ஆகலாம். அத்தனை நாளும் செடி இருட்டுப் பெட்டிக்குள், காற்று இல்லாமல், லாரிச் சூட்டில் கிடக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி. ஆகவே கத்தரி வெயிலில் ஆர்டர் போடாதீர்கள்.

ஆனியில் சாரல் தொடங்கிய பிறகு வாங்கினால் காற்றில் ஈரம் இருக்கும், செடிக்குச் சுகம். ஆனால் நம்ம ஊருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நம்ம பக்கம் வீசுகிற வேகத்தில் காற்றாலைகளே சுற்றுகின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். நாலு விரல் ஆழத் தட்டில் இருக்கிற மரம் எம்மாத்திரம்? வானம் மூடியிருக்கிறது, தண்ணீர் வேண்டாம் என்று விட்டுவிடுவோம். காற்று தட்டை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். அதனால் ஆடியில் வந்த செடியை மேற்குச் சுவரின் மறைவில் வையுங்கள். காலை மாலை மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் முனையில் ஈரம் தட்டவில்லை என்றால் தண்ணீர் ஊற்றுங்கள். காற்று ஓய்ந்த புரட்டாசிக் கடைசி, ஐப்பசி, கார்த்திகை வாங்குவதற்கு இன்னும் நல்ல காலம்.

அடினியம், ஜேடு இரண்டும் வேர் மண் இல்லாமல், காகிதம் சுற்றி வந்தாலும் தாங்கும். அவற்றின் தண்டிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆல் இனம் வேர் மண்ணோடு வந்தால் பிழைத்துக் கொள்ளும். வழியில் இலை உதிர்த்தாலும் மறுபடி துளிர்க்கும். போகன்வில்லாவுக்கும் புளிக்கும் வேர் அசைந்தால் பிடிக்காது. இவற்றை நேரில் போய்ப் பார்த்து வாங்குவதே மேல்.

ஆர்டர் போடும் முன் கேட்க வேண்டியவை

மாட்டுச் சந்தைக்குப் போனால் நாம் சும்மாவா மாடு பிடிக்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்க விட்டுப் பார்க்கிறோம். ஐநூறு ரூபாய்ச் செடிக்கும் அந்தப் புத்தி வேண்டும்.

ஒன்று: படத்தில் இருக்கும் செடிதான் வருமா, அந்த 'மாதிரி' ஒரு செடி வருமா என்று கேளுங்கள். 'படம் விளக்கத்துக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு காகிதத்தில் இன்றைய தேதியை எழுதி, அதைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செடி கையில் இருக்கிறவன் அனுப்புவான். இல்லாதவன் சாக்குச் சொல்லுவான்.

இரண்டு: உயரம் எவ்வளவு என்று போட்டிருந்தால் அது சட்டியோடு சேர்த்தா, சட்டி இல்லாமலா? அடித்தண்டின் சுற்றளவு எவ்வளவு? போன்சாயில் உயரத்துக்கு மதிப்பு இல்லை. அடிமரம் தடித்து, மேலே போகப் போக ஒல்லியாகி, வேர்கள் நாலா பக்கமும் மண்ணைப் பிடித்த மாதிரி பரவியிருக்க வேண்டும். அதற்குத்தான் விலை.

மூன்று: 'இருபது வருஷ மரம்' என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள். கடைகளில் கிழங்கு மாதிரிப் பருத்த வேரோடு நிற்கும் இச்சிச் செடியை 'ஜின்செங் பைகஸ்' என்ற பெயரில் விற்கிறார்கள். நிலத்தில் வேகமாகப் பருக்க விட்டு, தலையை வெட்டி, மேலே வேறு சின்ன இலை ரகத்தை ஒட்டுக் கட்டியது அது. வளர்க்க நல்ல செடிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய மரத்து விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

நான்கு: மண்ணின் மேல் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா? அப்படி ஒட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது. வந்தவுடன் அதைப் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். சட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஓட்டை இல்லாத பளபளப்புச் சட்டியில் எந்த மரமும் பிழைக்காது.

ஐந்து: அனுப்பும் கூலி எவ்வளவு? செத்து வந்தால் என்ன செய்வார்கள்? எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்? இதை எழுத்தில் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். செடி 600 ரூபாய், கூலி 200 ரூபாய், 'கம்பி, மண், உரம் சேர்ந்த தொகுப்பு' 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 1,500 ரூபாய். இதில் எழுநூறு ரூபாய்ச் சாமான் நம்ம ஊரிலேயே கிடைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு: பணம். பொருள் கையில் வந்த பிறகு பணம் கொடுக்கும் முறை இருந்தால் அதையே எடுங்கள். முகவரி இல்லாத, தொலைபேசி எண் மட்டும் உள்ள ஆளுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். 'உங்க பணத்தைத் திருப்பி அனுப்புறோம், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்க, ரகசிய எண்ணைப் போடுங்க' என்று யாராவது சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைப் போட்டால் பணம் நம்மை விட்டுப் போகும்.

பெட்டி வந்ததும்

பெட்டியைப் பிரிக்கும்போது வீட்டுப் பிள்ளைகளை விட்டுக் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மேல் சீட்டு தெரிவதில் தொடங்கி, செடி வெளியே வரும் வரை ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நாளைக்குத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

வந்த செடியை நேரே வெயிலில் வைக்காதீர்கள். இருட்டில் ஒரு வாரம் கிடந்தது. பிரசவித்த பெண்ணைப் போலப் பக்குவமாகப் பார்க்க வேண்டும். முதல் பத்து நாள் நிழல், பிறகு காலை இளவெயில், பிறகு முழு வெயில். வந்த அன்றே சட்டி மாற்றுவது, கிளை வெட்டுவது, உரம் போடுவது எதுவும் கூடாது. ஒரு மாதம் போகட்டும். புதுத் துளிர் விட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இலை கொட்டினால் பயந்து போய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொன்றுவிடாதீர்கள். கொம்பை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

ஒட்டிக்கொண்டு வரும் விருந்தாளி

இனி நான் சொல்லப் போவதைத் தென்னை வைத்திருக்கிறவர்களும், பப்பாளி வைத்திருக்கிறவர்களும் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும்.

2008-ஆம் வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு வெள்ளை மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நின்றதா? மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவி விவசாயிகளைக் கலங்க அடித்தது. மருந்து அடித்து ஓயவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அடுத்து 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. அதுவும் மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சிதான். இலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கிடப்பதை நம்ம தோப்புகளிலேயே பார்க்கிறோம்.

இந்தச் சின்னப் பூச்சிகள் தானாகப் பறந்து கடல் தாண்டி வருவதில்லை. இப்படிப்பட்ட பூச்சிகள் செடி, கன்று, காய்ப் போக்குவரத்தோடு ஒட்டிக்கொண்டுதான் நாடு விட்டு நாடு போகின்றன. ஊர் விட்டு ஊர் போகின்றன. ஒரு அழகுச் செடியின் இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் நாலு பூச்சி போதும்.

ஆகவே வெளியூர்ச் செடி எதுவானாலும் மூன்று வாரம் தனியாக வையுங்கள். தோட்டத்துச் செடிகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இலையின் அடிப்பக்கம், கிளைக் கக்கம், மண் மேற்பரப்பு, சட்டியின் அடி ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு, பழுப்புச் செதில், பிசுபிசுப்பு, ஓயாமல் ஏறி இறங்கும் எறும்பு இருந்தால் பூச்சி இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலை நேரத்தில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. பெட்டியில் வந்த வைக்கோல், பாசி, உதிர்ந்த மண் எல்லாவற்றையும் எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து செடி, விதை வரவழைப்பது இன்னும் பெரிய விவகாரம். 2003-ஆம் வருஷத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டு அரசின் தாவர நலச் சான்றும் வேண்டும். கைபேசியில் ஒரு தட்டு தட்டி வெளிநாட்டு விதையை வரவழைப்பது இந்தச் சட்டத்தை மீறுவதுதான். 2020-ஆம் வருஷம் பல நாடுகளில், கேட்காமலே மர்ம விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. நம்ம மத்திய வேளாண் அமைச்சகமும் அந்த ஆகஸ்டில் எச்சரிக்கை செய்தது. அப்படி எதுவும் வந்தால் முளைக்குதா பார்ப்போம் என்று ஊன்றிப் பார்க்காதீர்கள். பிரிக்காமல் வேளாண்மை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

சாமான்களை நம்ம ஊரிலேயே தேடுங்கள்

மண்: அகடாமா என்று ஜப்பான் மண்ணை விற்கிறார்கள். எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் உருண்டைகள். ஈரத்தையும் பிடித்துக் கொள்ளும், அதிகத் தண்ணீரையும் வடிய விடும். அதுதான் அதன் மகிமை. அந்த வேலையைச் சூளையில் கிடக்கும் நன்கு வெந்த செங்கல், ஓட்டு உடைசலும் செய்யும். மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரை உடைத்துச் சலியுங்கள். தூளைத் தள்ளிவிடுங்கள். ஓட்டுச் சல்லி இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிச் சலித்த எரு ஒரு பங்கு. கரிசலையும் கண்மாய் வண்டலையும் தட்டில் போடாதீர்கள். வயலுக்கு அது பொன், தட்டுக்கு அது சிமெண்டு. தென்னை நார்க் கழிவு சேர்ப்பதானால் உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு கொஞ்சமாகச் சேருங்கள்.

சட்டி: காருகுறிச்சிப் பக்கம் மண்பாண்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நாலு அங்குல ஆழம், அடியில் சுண்டு விரல் நுழையும்படி மூன்று ஓட்டை, கீழே காற்றுப் புக மூன்று கால் என்று அளவு சொல்லிக் கேளுங்கள். பொங்கல் வேலை முடிந்த பிறகு கேட்டால் அவர்களுக்கும் வசதி. பெட்டியில் வரும் பீங்கான் சட்டி பாதி வழியில் உடைந்து வருவதும் உண்டு. இது நம்ம ஆளுக்கு வேலை கொடுத்த மாதிரியும் ஆச்சு.

கம்பி: மின்சாதனக் கடையில் ஒற்றை அலுமினியக் கம்பி உள்ள ஒயர் கிடைக்கும். மேல் உறையை உரித்துவிட்டால் அதுவே கிளை வளைக்கும் கம்பி. கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனம் இருந்தால் சரி. சாய்வாகச் சுற்றுங்கள், இறுக்காதீர்கள். கிளை பருத்துக் கம்பி பதிகிற மாதிரித் தெரிந்தால் அவிழ்க்காதீர்கள். துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும்.

கருவி: ஒட்டுக் கட்டும் கத்தியும், கவாத்துக் கத்தரியும் நம்ம வீட்டிலேயே இருக்கும். குழிவாக வெட்டும் ஒரு இடுக்கி மட்டும் கூடுதல் வசதி. அது ஒன்றை வேண்டுமானால் வெளியூரிலிருந்து வாங்கலாம். எஃகுதானா, பாலிஷ் போட்ட இரும்பா என்று கேட்டு வாங்குங்கள்.

உரம்: 'போன்சாய் டானிக்' என்று சின்னப் பாட்டிலில் விற்பதற்கு மயங்க வேண்டாம். லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம், அல்லது புளித்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரைத் தெளியவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்தது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். "ஐநூறு ரூபாய்க்கு யார் அலையுறது" என்று ஆயிரம் பேர் விட்டால் அவனுக்கு ஐந்து லட்சம்.

2020-ஆம் வருஷ மின்வணிக நுகர்வோர் விதிகள்படி, விற்கும் தளம் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்னதற்கு மாறான, பழுதான பொருள் வந்தால் திருப்பி எடுக்க மறுக்கவும் விற்பவருக்கு உரிமை இல்லை. முதலில் அங்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். பதில் இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷச் சட்டப்படி விற்றவன் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதி ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

வங்கிக் கணக்கிலிருந்தே பணம் களவு போயிருந்தால் அது வேறு. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும்.

வாங்குவதை விட்டு விற்பது

கடைசியாக, மூன்றாவது காரணத்துக்கு வருவோம். நம்ம கிணற்றுச் சுவரைப் பாருங்கள். பழைய மதகைப் பாருங்கள். காக்கை எச்சத்தில் விழுந்து முளைத்த ஆலும் அரசும் இச்சியும் கல் இடுக்கில் வேர்விட்டு நிற்கும். இடம் இல்லாததால் அடி தடித்து, கோணி, முறுகி இருக்கும். சுவர் வெடித்துவிடும் என்று வருஷா வருஷம் வெட்டித்தானே எறிகிறோம்? போன்சாய்க்காரர்கள் விலை கொடுத்துத் தேடுவது அந்தக் கோணலைத்தான்!

மழைக் காலத்தில் சல்லி வேரோடு மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். ஆணி வேரைக் குறுக்கி, தலையையும் வெட்டி, பெரிய மண்சட்டியில் முன்னே சொன்ன கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். ஆல் இனம் பெரும்பாலும் பிழைத்துவிடும். இரண்டு வருஷம் பெரிய சட்டியிலேயே வளரட்டும். பிறகு கிளை ஒழுங்கு செய்து தட்டுக்கு மாற்றுங்கள். பொறுமைதான் முதல். மகளிர் குழுவில் நாலு பேர் சேர்ந்து ஐம்பது சட்டி வைத்தால், நாலைந்து வருஷத்தில் குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்களிடம் விற்கும் அளவுக்கு மரம் தயாராகும். ஒரே ராத்திரியில் பணம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. ஊடுவேலையாக, செலவில்லாமல் செய்யக்கூடியது என்றுதான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. குற்றால மலையிலும் காப்புக் காட்டிலும் போய்ச் செடி பிடுங்கக் கூடாது. அது வனச் சட்டப்படி குற்றம். பாறையில் நூறு வருஷமாகப் போராடி நிற்கும் மரத்தைப் பெயர்த்துவந்து தட்டில் சாகடிப்பது பாவமும்கூட. 'காட்டு மரம், பழைய மரம்' என்று யாராவது விற்றால் அதையும் வாங்காதீர்கள். வாங்குகிறவன் இருக்கிற வரையில்தான் பிடுங்குகிறவன் இருப்பான். பிறர் சுவரில், கோயில் மதிலில் இருப்பதைச் சொந்தக்காரரைக் கேட்டு எடுங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன், மனதில் வையுங்கள். போன்சாய் விதை என்று ஒன்று இல்லை. குளிர்நாட்டு மரம் நமக்கு வேண்டாம். கோடையில் ஆர்டர் போடாதீர்கள். தேதியோடு படம் கேளுங்கள். பெட்டி பிரிப்பதைப் படம் எடுங்கள். மூன்று வாரம் தனியே வையுங்கள். மண், சட்டி, கம்பியை உள்ளூரில் தேடுங்கள். ஏமாந்தால் 1915, பணம் களவு போனால் 1930.

தட்டில் வளர்க்கும் மரம் ஒரு குழந்தை மாதிரி. ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் முகம் வாடிவிடும். நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் வளர்த்துப் பாருங்கள். முடியாதவர்கள் அந்தக் கன்றை வரப்பில் நட்டுவிடுங்கள். அங்கே அது பெரிய மரமாகி நாலு பேருக்கு நிழல் கொடுக்கட்டும்.